மிஞ்சிய சோறும் மூன்று புதன்கிழமைகளும்

போன வாரம் பாண்டிச்செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானல் கிளை நூலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். எந்தப் பக்கம் அட்டையை மடித்துச் செருகுவது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, வாசகர் வட்டம் ஆரம்பிச்சிருக்கேன். வாட்ஸ்அப்ல. ஒரு சிறுகதையப் போட்டு, என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டேன். ஒருத்தர் கட்டை விரலைத் தூக்கினாரு. ரெண்டு பேர் கும்பிடு போட்டாங்க. இன்னொருத்தர் ரோஜாப்பூவோட குட்மார்னிங் அனுப்பினாரு. அம்புட்டுத்தான். நீங்கல்லாம் எப்படிண்ணே நடத்துனீங்க?"

"நாங்களும் விரலை வச்சுத்தாம்மா நடத்துனோம். ஆனா வேற விரல்."

தப்பாக எடுத்துக்கொண்டாளோ என்று பதறி, "ஆள்காட்டி விரல்மா, ஆள்காட்டி விரல்" என்று அவசரமாகச் சொன்னேன். சிரித்தாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதுதான் இது.

நான் புத்தகத்தின் மேல் ஆசைப்பட்டு நூலகத்துக்கு வந்தவன் இல்லை. மூன்று வேலைகளுக்கு மனுப் போட்டேன், இது முதலில் வந்தது. மதுரையில் பயிற்சி. எந்தப் புத்தகத்துக்கு என்ன எண், எந்த அடுக்கில் எது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் ஒரு சமையல் புத்தகத்தைக் கொண்டுபோய் மருத்துவத்தில் சேர்த்துவிட்டேன். எங்கள் விடுதியில் சாப்பிட்டவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். எப்படியோ தேறி, ஒரு மெல்லிய போர்வையோடு மலையேறினேன். முதல் மார்கழியில் பழைய செய்தித்தாள்களின் மேல் எனக்கு ஏற்பட்ட பற்று, அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டதால் வந்தது.

எனக்கு மேலதிகாரி ரோஸ்லின் மேடம். சாம்பல் நிற ஸ்வெட்டர், அதன் பொத்தான் துளையில் ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது நூலகத்துக்குள் சத்தமாகப் பேசினால் அவர்கள் அருகே போய் நின்று, சன்னல் வழியே மரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். பேசியவர்களும் மரத்தைப் பார்ப்பார்கள். பேச்சு நின்றுவிடும். நானும் ஒருமுறை இதைச் செய்து பார்த்தேன். "என்ன சார், குரங்கு வந்திருச்சா?" என்று எல்லாரும் எழுந்து சன்னலுக்கு ஓடினார்கள்.

மேடம்தான் வாசகர் வட்டம் தொடங்கினார். புதன்கிழமை பிற்பகல். ஏன் ஞாயிறு இல்லை என்றால், கொடைக்கானலில் ஞாயிறு என்பது வெளியூர்க்காரர்களுக்கு உரியது. கடைக்காரர்களும் ஓட்டல் வேலைக்காரர்களும் மூச்சு விடுவது புதன்கிழமைதான். நிலையாக வந்தவர்கள் மூன்று பேர். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த காதர் பாய். பூம்பாறையில் பூண்டு போடும் தங்கவேல் அண்ணன். ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வில்பட்டி சிவகாமி அக்கா. நான்காவதாக நான். எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதனால் வந்தேன்.

மேடத்தின் நடைமுறை விசித்திரமானது. கதையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். முதல் புதன் அவரே வாசிப்பார், பஸ் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல். "நடிச்சுப் படிச்சா அது நம்ம கதை ஆயிரும். அவங்க எழுதுனதா இருக்காது" என்பார். அடுத்த புதன் அதே கதையை வேறொருவர் வாசிக்க வேண்டும். எல்லாரும் வேறு நாற்காலியில் உட்கார வேண்டும். போன வாரம் என்ன சொன்னோமோ அதற்கு நேர் எதிராக வாதாட வேண்டும். அதன் பிறகும் சண்டை தீரவில்லை என்றால் மூன்றாம் புதன். மேடம் மட்டும் தன் கருத்தைச் சொல்லவே மாட்டார். யார் என்ன சொன்னாலும் ஒரே வார்த்தை: "விரல் வைங்க."

அதாவது, நீ சொல்வது கதையில் எந்த வரியில் இருக்கிறது, அங்கே விரலை வை. நான் முதல் கூட்டத்தில் ஒரு கதையைப் பற்றி, மானுடம், இருத்தல், வெறுமை என்று நீளமாகப் பேசினேன். "விரல் வைங்க சுந்தரம்" என்றார். என் விரல் முதல் பக்கத்தில் தொடங்கி, ஏரியைச் சுற்றுகிற சுற்றுலாப் பயணி மாதிரி எல்லா இடத்துக்கும் போய்விட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "டீ சொல்லிட்டு வரேன் மேடம்" என்று எழுந்துவிட்டேன். அன்று முதல் டீ சொல்வது என் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதியம் மேடம் இரண்டு டப்பா திறப்பார். ஒன்று அவருக்கு. மற்றதை என் பக்கம் தள்ளி, "வடிச்சது மிஞ்சிப் போச்சு சுந்தரம். வீணாகிரும், சாப்பிடுங்க" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த இரண்டாவது டப்பா கிடையாது. பல வருடம் கழித்துத் திடீரென்று ஒருநாள் வந்தது, அப்புறம் தினமும் வந்தது. என் பணிவையும் உழைப்பையும் பார்த்து வந்த அன்பு என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி ராணி எனக்குக் கட்டிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். "அந்தம்மா போடுது, நீங்க திங்கிறீங்க. நடுவுல எனக்கு என்ன சோலி?"

மேடத்தின் கணவர் ஜெயராஜ் ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். தேனிலவுக்கு வந்தவர்களைக் குதிரை மேல் ஏற்றி, மாலைக்குள் படத்தைக் கையில் கொடுத்துவிடுவார். எல்லார் கையிலும் கேமரா வைத்த செல்போன் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. ஒருநாள் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார். வரவில்லை. போனும் இல்லை. மேடம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் கேட்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை.

எட்டு ஒன்பது வருடம் கழித்து, ஒரு ஐப்பசி மழையில் அவர் திரும்பி வந்தார். தலை முழுக்க நரை. வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே மூர்த்தியின் டீக்கடை மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் நூலகத்துக்கு வந்தார். பொது நூலகம், யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. "பேப்பர் எங்கிட்டு இருக்கு?" என்று முதல் நாள் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம், "லெஃப்ட் சைடு டேபிள்" என்றார், வேறு யாருக்கோ சொல்வது போல. அவரும் போய் உட்கார்ந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாதம் இப்படியே போனது.

மேடத்தின் வீடு இருந்த நாயுடுபுரத்தில் அப்போது ஒரே பேச்சு: மேடம் அவரை வீட்டுக்குள் விடுவாரா, மாட்டாரா? என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே அவர் பேப்பர் படித்தார், அவர் மனைவி பேரேடு எழுதினார், நான் இருவருக்கும் நடுவில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் புத்தகம் அடுக்கினேன்.

இந்த நேரத்தில்தான் என் திருக்கரத்தால் ஒரு காரியம் நடந்தது. அடுத்த கூட்டத்துக்குக் கதை தேர்ந்தெடுக்கிற வேலையை மேடம் என்னிடம் கொடுத்திருந்தார். "ரெண்டு ஷீட்டுக்குள்ள இருக்கட்டும்." நானும் பழைய இதழ்களைப் புரட்டி, பக்கத்தை மட்டும் பார்த்து, கச்சிதமாக இரண்டு தாளில் அடங்குகிற ஒன்றை எடுத்து ஜெராக்ஸ் போட்டுவிட்டேன். தலைப்பையும் எழுதியவர் பெயரையும் பூச்சி தின்றிருந்தது. கதையை நான் படிக்கவில்லை. இத்தனை வருடம் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவன், புத்தகத்தை அளவு பார்த்துத்தான் பழகியிருந்தேன்.

புதன்கிழமை மேடம் வாசிக்கத் தொடங்கினார். ரயில்பாதை ஓரத்தில் ஒரு வீடு. ஒரு பெண் தனியாக இருக்கிறாள். காலையில் பழைய சோற்றைத் தெருநாய்க்கு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள், மாலையில் வருகிறாள். ஒருநாள் மாலை, பல வருடம் முன்பு போன கணவன் வந்து படியில் நிற்கிறான்.

என் காது சுட ஆரம்பித்தது. பேப்பர் மேசையில் ஜெயராஜ் உட்கார்ந்திருந்தார். தாளைப் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது. மேடத்தின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ் நேரம் அறிவிப்பது போலவே போய்க்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கிறாள். "செருப்பைப் படியிலேயே விடுங்க" என்கிறாள். உள்ளே போகிறாள். அரிசி எடுக்கிறாள். "எப்போதும் எடுக்கும் அளவே எடுத்தாள்." அவன் படியில் உட்காருகிறான். மழை பிடிக்கிறது. "உலை கொதித்தது." கதை முடிந்தது.

"ஓகே. பேசுங்க" என்றார் மேடம்.

காதர் பாய் ஸ்வெட்டர் மடிக்கிற மாதிரி தாளை நாலாக மடித்தார். "இதுல பேச என்ன இருக்கு? வீட்டுக்கு ஆள் வந்தா ஒரு பிடி கூடத்தானே போடணும். இந்தம்மா எப்பவும் போடுறதத்தான் போட்டுச்சு. உனக்குச் சோறு இல்லை, போயிட்டு வான்னு சொல்லிருச்சு. இந்தா, இந்த வரிதான்" என்று விரலை வைத்தார்.

"போடக் கூடாதுங்கிறேன்" என்றார் தங்கவேல் அண்ணன். "இம்புட்டு வருசம் எங்க கெடந்தானாம்? செருப்பு வெளிய கெடக்கட்டும், அவனும் வெளிய கெடக்கட்டும்." சொல்லிவிட்டுத்தான் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு நினைவு வந்தது. பூம்பாறைக் குளிரில் வளர்ந்த மனுஷருக்கு நெற்றி வேர்த்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

எல்லாரும் போன பிறகு மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றேன். "மேடம், சத்தியமா நான் கதையப் படிக்கல. பக்கத்தைத்தான் எண்ணினேன்."

"இப்பப் படிச்சிட்டீங்கல்ல" என்றார் மேடம். "அடுத்த வாரம் திரும்பப் படிங்க."

இரண்டாவது புதன். வேறு நாற்காலிகள். ஜெயராஜ் மட்டும் அதே மேசையில். இந்த முறை சிவகாமி அக்கா வாசித்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், அதனால் எந்தச் சொல்லும் அவரிடமிருந்து தப்பாது. இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் மேடம், ஒத்தப் பொம்பள. தினமும் காலையில நாய்க்குப் பழைய சோறு வைக்கிறா. ஒரு ஆளுக்கு வடிச்சா தினமும் எப்படி மிஞ்சும்?"

காதர் பாய் மடித்த தாளை மெதுவாகப் பிரித்தார்.

"விரல் வைங்க" என்றார் மேடம். அக்கா வைத்தார். போன வாரம் எல்லாரும் மிதித்துக்கொண்டு போன வரி. சும்மா காலை வேளையைச் சொல்கிற வரி என்று நினைத்திருந்தோம்.

காதர் பாய்க்கு எதிர்க்கட்சி பேசும் முறை. எழுந்தே விட்டார். "அப்படின்னா எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் வடிச்சிருக்கு! போன நாள்லருந்து! அதான் அன்னைக்குக் கூடப் போட வேண்டிய வேலையே இல்ல! அடப் பாவி மனுஷா, நான் போன வாரம் அதே வரிய வச்சுத்தானய்யா அவனைத் தொரத்துனேன்!"

கதையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கஞ்சத்தனமாகத் தெரிந்த அதே அளவு, ஒரு வாரத்தில் காத்திருப்பாக மாறிவிட்டது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. நான் வேறொரு கணக்கில் இருந்தேன். தினமும் மிஞ்சுகிற சோறு. ஜெயராஜ் போன பிறகு வர ஆரம்பித்த இரண்டாவது டப்பா. என் பணிவு, என் உழைப்பு, மேடத்தின் அன்பு. நான்தான் அந்த நாய் என்று புரிந்தபோது எனக்கு வந்தது வெட்கமா சிரிப்பா என்று இப்போதும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கதையில் வந்த நாய் இத்தனை வருடமும் குழம்பு உப்பு என்று குறை சொல்லியிருக்காது.

அந்தச் சந்தோஷத்தில் தங்கவேல் அண்ணன் பின்னால் திரும்பி, "என்னப்பா ஜெயராஜ், நீ என்ன சொல்ற?" என்று கேட்டுவிட்டார். மேடம் சன்னல் வழியே மரத்தைப் பார்த்தார்.

ஜெயராஜ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். என் கையில் இருந்த தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "எல்லாரும் அவ எம்புட்டு அரிசி போட்டான்னே பாக்குறீங்க" என்றார். "அவன் இதுல ஒரு வார்த்தை பேசலைங்க. வந்தான். நின்னான். உக்காந்தான். ஏன் போனான்னு சொல்லல. அவ சோறு வடிச்சாச்சு. அவளால முடிஞ்சது அது. இவன் வாயத் தொறக்காம மழையப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"விரல்..." என்று வழக்கத்தில் ஆரம்பித்த மேடம் நிறுத்திக்கொண்டார். இல்லாத ஒன்றில் எப்படி விரல் வைப்பது?

நாங்கள் எல்லாரும் தாளைப் புரட்டினோம். உண்மைதான். கணவன் பேசுகிற வசனம் ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரமாக அவள் மன்னித்தாளா இல்லையா என்று அடித்துக்கொண்டோமே, அவன் மன்னிப்புக் கேட்டானா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அடுத்த புதன் மூணாவது ரீடிங்" என்றார் மேடம். பிறகு, ஒரு மாதத்துக்கும் மேலாகப் பேசாத கணவரை நேராகப் பார்த்து, "நீங்க வாசிங்க" என்றார்.

அந்த வாரம் நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்தவர்களைவிட புதன் எப்போது வரும் என்று கேட்க வந்தவர்கள் அதிகம். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ராணியிடம் மட்டும் சொன்னேன், அதனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது புதன். ஜெயராஜ் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். நின்றுகொண்டே வாசித்தார், மேடம் மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாமல். ரயில்பாதை, வீடு, நாய், படி. "செருப்பைப் படியிலேயே விடுங்க." அரிசி. "எப்போதும் எடுக்கும் அளவே எடுத்தாள். அவன் படியில் உட்கார்ந்தான்." அங்கே நிறுத்தினார். தாளைப் பார்த்தபடியே, அதே குரலில் தொடர்ந்தார்.

"எனக்கு வெட்கமா இருந்துச்சு. தொழில் போச்சு. தினமும் உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிட வெட்கமா இருந்துச்சு. ஒரு மாசத்துல சம்பாதிச்சிட்டு வந்திரலாம்னு போனேன். சம்பாதிக்கல. அப்புறம் திரும்பி வர்றதுக்கும் வெட்கமாப் போச்சு. வேற ஒண்ணும் இல்ல. நீ நெனைச்ச மாதிரி வேற யாரும் இல்ல."

தங்கவேல் அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலே சுந்தரம், இது எந்தப் பக்கம்டா? என் ஜெராக்ஸ்ல விழுகலையே?" காதர் பாய் அவர் காலை மிதித்தார். சிவகாமி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் பென்சிலைப் பொத்தான் துளையிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். "விரல் வைங்க" என்றார்.

"இது இதுல இல்லீங்க."

"இல்லாததை இங்க பேசக் கூடாது. அது ரூல்." குரல் மாறவில்லை. ஆனால் பென்சில் தரையில் விழுந்துவிட்டது. "வேற எடத்துல பேசுங்க."

நான் டீ சொல்லப் போனேன். யாரும் டீ கேட்கவில்லை.

மாலையில் கதவைப் பூட்டிவிட்டு மேடம் நாயுடுபுரம் பாதையில் நடந்தார். நாலைந்து எட்டு பின்னால் ஜெயராஜ். திருப்பத்தில் இருவரையும் பனிமூட்டம் வாங்கிக்கொண்டது. காதர் பாயும் நானும் அங்கேயே நின்றோம்.

"வேற எடம்னா வீடுதான?" என்றார் பாய்.

"விரல் வைங்க பாய்."

"போய்யா."

மறுநாள் வியாழன். ஜெயராஜ் பேப்பர் படிக்க வரவில்லை. மேடத்தின் முகத்தில் எதையும் படிக்க முடியாது, அது என்றைக்கும் முடியாது. மதியம் மேடம் டப்பா எடுத்தார். ஒன்றுதான். நான் தட்டைக் கழுவித் தயாராக வைத்திருந்தேன்.

"மிஞ்சலையா மேடம்?"

"இன்னைக்கு மிஞ்சலைங்க சுந்தரம்" என்று சொல்லிவிட்டு, தலை குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

மூன்று புதன் உட்கார்ந்து பாடம் கேட்டவன் நான். ஆனாலும் அந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று தெரியவில்லை. ஜெயராஜ் வந்து சாப்பிட்டதால் மிஞ்சவில்லையா? இல்லை, இனி அவருக்கும் சேர்த்து வடிப்பதையே மேடம் நிறுத்திவிட்டதால் மிஞ்சவில்லையா? இரண்டுக்கும் அதே ஒரு டப்பாதான் சாட்சி. தட்டை ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்துவிட்டு, மழையில் குடையைக்கூட எடுக்காமல் மூர்த்தியின் டீக்கடைக்கு ஓடினேன்.

"என்ன சாரு, இந்நேரத்துக்கு?" என்றார் மூர்த்தி. "மாடி ரூமு யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க. ஜெயராஜண்ணே வெள்ளனே வந்து காலி பண்ணிட்டாரு. பெட்டிய எடுத்துக்கிட்டு, சாவிய இந்தா, இங்கன வச்சிட்டு நாயுடுபுரம் பக்கம் போனாரு."

கண்ணாடி ஜாடிகளுக்கு நடுவே அந்தச் சாவி கிடந்தது. அதன் மேல் விரலை வைத்தேன்.

"என்ன சாரு, ரூம் உங்களுக்கா? வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ஆமா மூர்த்தி. எனக்குச் சோறு நின்னு போச்சு" என்றேன். "ரெண்டு பன்னும் ஒரு டீயும் கொடுங்க." எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் பன்னைப் பார்க்க முடிந்தது.

அன்று இரவு ராணியிடம், நாளையிலிருந்து எனக்கும் சேர்த்து வடிக்க வேண்டும் என்றேன். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தன வருசமா அந்த மனுஷன் சோத்தத் தின்னுட்டுத்தான் குறை சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள். பிறகு எழுந்து போய், பானையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைப் போட்டு ஊறவைத்தாள்.